ஒரு மணி நேரப் பெயர்ப்பலகை

1

போன செவ்வாய்க்கிழமை தபால்காரர் ஒரு தடித்த உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உள்ளே காசோலைப் புத்தகம். ஒவ்வொரு தாளின் வலது மூலையிலும் ‘மைதிலி இண்டெக்ஸிங் சர்வீசஸ்’ என்று அச்சிட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டு, அதன்கீழே ‘உரிமையாளர்’ என்று போட்டிருந்தார்கள். அந்த உரிமையாளர் அப்போது ஒரு கையில் கரண்டியுடன் நின்றிருந்தாள்.

அதே வாரத்தில் நான் மைசூருக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்தன. இரண்டையும் சேர்த்து உங்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

ஊரைவிட்டுப் போனவர்கள் எழுதும் குறிப்புகளை நான் விரும்பிப் படிப்பவள். அவற்றில் பனி பெய்யும். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி கடவுச்சீட்டைச் சந்தேகத்துடன் புரட்டுவார். என் புலம்பெயர்வில் அப்படி எதுவும் கிடையாது. மாலையில் கும்பகோணத்தில் ரயிலேறிப் படுத்தால் விடியும்போது மைசூர். நான் கடந்த கடலின் அகலம் ஒரு தூக்கம். ஆனாலும் என் அத்தை இன்றுவரை தொலைபேசியில், “அங்க இப்ப மணி என்னடி?” என்றுதான் பேச்சைத் தொடங்குகிறாள். நானும் மணியைப் பார்த்துச் சொல்கிறேன். அவள் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, “பரவாயில்லை, கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு” என்று திருப்தியடைகிறாள்.

அவளை நான் கேலி செய்வதில்லை. தூரத்தை மணியால் அளப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. இங்கே கன்னடத்தில் வழி சொன்னால் ஆட்டோக்காரர் முதல் வாக்கியத்திலேயே கண்டுபிடித்துத் தமிழில் பதில் சொல்வார். அங்கே போனால் காய்கறிக்கடைக்காரர், “நீங்க பெங்களூர்ப் பக்கங்களா?” என்பார். இரண்டு ஊர்களும் என்னை மிகுந்த மரியாதையோடு மற்ற ஊருக்கு அனுப்பிவைத்துவிடுகின்றன.

2

என் தொழிலைச் சொன்னால் பலருக்கு விளங்குவதில்லை. கனமான புத்தகங்களின் கடைசியில், எந்தப் பெயர், எந்தப் பொருள், எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகரவரிசையில் ஒரு பட்டியல் இருக்கிறதல்லவா, அந்தச் சொல்லடைவைத் தயாரிப்பவள் நான். பத்தொன்பது ஆண்டுகளாக இதைச் செய்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளும் கூலி என் கணவர் ராமநாதனின் சேமிப்புக் கணக்குக்கே போய்ச் சேர்ந்தது. ஆரம்பத்தில் எனக்கு வங்கிக் கணக்கு இல்லை. பிறகு அதை மாற்றும் அவசரம் யாருக்கும் இல்லை. புத்தகத்தில் எழுதியவர், பதிப்பித்தவர், அட்டை வரைந்தவர், தட்டச்சு செய்தவர் எல்லோருடைய பெயரும் இருக்கும். சொல்லடைவு மட்டும் தானாக முளைத்ததுபோலக் கடைசியில் கிடக்கும்.

செப்டம்பர் முதல் வாரத்தில், நான் நெடுங்காலமாக வேலை செய்துவரும் ஒரு பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. காவிரிப் பாசனத்தின் வரலாறு, ஆறு தொகுதிகள். இரண்டு ஆண்டுகளுக்கான வேலை. நான்காம் தொகுதியில் கும்பகோணத்துச் சிறு வாய்க்கால்கள் வருகின்றன. என் தந்தை சைக்கிளை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, மறுகையால் என்னைப் பிடித்துக்கொண்டு நடந்த வாய்க்காலுக்கு அதில் இரண்டரைப் பக்கம். அந்த நீர் இங்கேதான், எங்கள் வீட்டிலிருந்து அரைமணிப் பயணத்தில், எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. மேல்முனையில் உட்கார்ந்து கீழ்முனைக்கு அகரவரிசை அமைப்பது என்று நினைத்தபோது, வேறு யாரும் இதைத் தொடக்கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது. பிடிவாதம் எனக்குப் பழக்கமில்லை. அதனாலேயே அது என்னை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

கடிதத்தின் கடைசிப் பத்தி கணக்குப் பிரிவு எழுதியது. இனி நிறுவனத்தின் பெயரிலுள்ள நடப்புக் கணக்குக்கே பணம் அனுப்பப்படும். மாதக் கடைசிக்குள் கணக்கு எண்ணைத் தெரிவிக்காவிட்டால் வேலை இருபது பேர் பணிபுரியும் வேறொரு நிறுவனத்துக்குப் போகும். இருபது பேர் சேர்ந்து ஒரு வாய்க்காலை எப்படிப் படிப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

புனேயில் வேலை செய்யும் மகள் மேகனாவிடம் சொன்னேன். அவள் இந்த ஊரில் பிறந்தவள். கனவு காண்பது கன்னடத்தில், அம்மாவுக்குச் செய்தி அனுப்புவது ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில்.

“அம்மா, நீ யாக்கே இவ்ளோ யோசிக்கறே? ஒரு அக்கவுண்ட் தானே? ஆன்லைன்ல பத்து நிமிஷம்.”

“பத்து நிமிஷமா?”

“மேக்ஸிமம்!”

அந்தப் பத்து நிமிடம் எனக்கு இருபத்தெட்டு நாள் ஓடியது.

3

முதலில் கணக்கு எழுதித் தருபவர் வேண்டும் என்றார்கள். மேகனா ஒரு கைபேசிச் செயலியை அனுப்பினாள். அந்த நிறுவனத்தில் வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று திட்டங்கள். அழைத்துப் பேசிய பெண்ணின் குரலில் நகைக்கடையின் குளிர்ச்சி இருந்தது.

“மேம், உங்க டீம்ல எத்தனை பேர்?”

“நான் ஒருத்திதான்.”

“ஓகே மேம். அப்போ உங்களுக்கு வைரம்தான் பெஸ்ட். ஊழியர் வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம் எல்லாம் ஃப்ரீயா வரும்.”

“விடுப்பை யார் யாரிடம் கேட்பது?”

“நீங்க அப்ளை பண்ணலாம் மேம். நீங்களே அப்ரூவ் பண்ணலாம்.”

“நிராகரிக்கவும் முடியுமா?”

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “முடியும் மேம். காரணம் டைப் பண்ணணும்.”

எனக்கு நானே விடுப்பு மறுத்து, அதற்குக் காரணமும் எழுதுவதைத்தான் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டணமின்றிச் செய்துவருகிறேன் என்பதால் வைரம் வேண்டாம் என்றேன்.

அடுத்து ஒரு பெரிய தணிக்கையாளர் அலுவலகம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு, வெளியே வந்த ஒருவர் என் ஆண்டு வருமானத்தைக் கேட்டார். சொன்னேன். “மாத வருமானம் இல்லை மேடம், ஆண்டு வருமானம்” என்று பொறுமையாக விளக்கினார். அதுதான் ஆண்டு வருமானம் என்று நானும் பொறுமையாக விளக்கினேன். அவர் எனக்கு நல்ல காபி வாங்கிக் கொடுத்து வழியனுப்பினார்.

கடைசியில் என் கணவர் சந்தைப் பகுதியான தேவராஜ மொஹல்லாவுக்கு அழைத்துப் போனார். வெல்ல மண்டிக்கு மேலே, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டிய படிகள். மேலே பழனிச்சாமி என்பவர், கொள்ளேகால்காரர், சந்தை வியாபாரிகளுக்கு முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறார். அறை முழுவதும் வெல்ல வாசனை. கோப்புகளில் எறும்பு.

“உக்காருங்கம்மா. என்ன ஏவாரமுங்க?”

விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“அப்ப, அடுத்தவங்க எழுதுன புஸ்தகத்துல என்ன எங்க இருக்குதுன்னு நீங்க சொல்றீங்க. அதுக்குக் காசு குடுக்கறாங்க.”

“ஆமாம்.”

“நானும் அதேதானுங்க பண்றேன். வருசத்துக்கு எத்தனை பில்லு போடுவீங்க?”

“எட்டு. சில வருஷம் ஒன்பது.”

“எட்டுங்களா!” அவர் சிரித்த சிரிப்பில் கேலி இல்லை, பிள்ளைகளின் மழலையைக் கேட்டவரின் மகிழ்ச்சி இருந்தது. “கீழ வெல்லக்கடைக்காரரு டீ குடிக்கறதுக்குள்ள எட்டு போட்டுருவாருங்க. இதுக்கு ஆளே வேண்டாம், நீங்களே எழுதலாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா கொண்டாந்து காட்டுங்க. ஒண்ணு மட்டும் கேளுங்கம்மா. ஊட்டு சிலிண்டர், பால் பாக்கெட்டு, பொண்ணோட டிக்கெட்டு, எதுவும் அந்த நோட்டுக்குள்ள வரப்படாது. அந்த நோட்டுக்குக் குடும்பமே கிடையாதுன்னு நெனச்சுக்குங்க.”

குடும்பமே இல்லாத ஒரு நோட்டு. வாங்கி வந்து மேஜையில் வைத்து, அதை நெடுநேரம் சற்றுப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

வங்கிகள் மூன்றை ஆராய்ந்தேன். சொல்லடைவு செய்பவளுக்கு எதையும் ஒப்பிட்டு அட்டவணை போடாமல் இருக்கத் தெரியாது.

முதலாவது தனியார் வங்கி. அங்கே எனக்கென்று ஓர் ‘உறவு மேலாளர்’ நியமிக்கப்பட்டார். ஒரு வாரத்தில் அவர் மாற்றலாகி இன்னொருவர் வந்தார். மறு வாரம் மூன்றாமவர். ஒவ்வொருவரும் என் தாயின் கன்னிப்பெயரைப் புதிதாகக் கேட்டார்கள். கணக்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை, என் ஆண்டு வருமானத்தைக் கேட்டுத் தணிக்கையாளர் வாங்கிக் கொடுத்த காபியை நினைவூட்டியது. இரண்டாவது ஒரு கூட்டுறவு வங்கி. மிக அன்பானவர்கள், ஆனால் வெளிமாநிலத்திலிருந்து பணம் வந்தால் எத்தனை நாளாகும் என்று கேட்டபோது மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

மூன்றாவது, எங்கள் தெருக்கோடியிலுள்ள அரசு வங்கி. அதைத் தேர்ந்தெடுத்ததற்கு அங்கிருந்த ரித்திகா என்ற இளம் அதிகாரியே காரணம். வடக்கே ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து வந்து எட்டு மாதமாகிறது. மாநில மொழியில் பேச வேண்டும் என்பதற்காகக் கன்னடம் பயில்கிறாள். நான் தமிழ்வாடைக் கன்னடத்தில் கேட்க, அவள் இந்திவாடைக் கன்னடத்தில் பதில் சொல்ல, இருவரும் ஒருவர் பிழையை மற்றவர் கண்டுபிடிக்கத் தெரியாத நிம்மதியில் நன்றாகப் பேசிக்கொண்டோம். மைசூரில் என் கன்னடத்தை முழுமையாக நம்பிய முதல் மனுஷி அவள்தான்.

கணினியின் தொழிற்பட்டியலில் சொல்லடைவு இல்லை. அச்சகம் இருந்தது, கோழிப்பண்ணை இருந்தது, அறுவைமில் இருந்தது. “மற்றவை” என்று அழுத்தினால் மேலதிகாரி கேள்வி கேட்பாராம். என்னை அச்சகத்தில் சேர்த்தாள். சிறுதொழில் பதிவு, கடை-நிறுவனச் சான்று இரண்டையும் பழனிச்சாமி வாங்கித் தந்திருந்தார். முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டாள். கொடுத்தேன். அதன் மூன்றாவது விதி, சிவப்பு மையில் அடிக்கோடிட்டது, இந்த வீட்டில் எவ்விதத் தொழிலும் நடத்தக்கூடாது, பெயர்ப்பலகை வைக்கக்கூடாது என்கிறது. ரித்திகா அதன் மேலேயே முத்திரை குத்தினாள். படிப்பதையே பிழைப்பாகக் கொண்டவள் நான். படிக்காமல் நகரும் ஒரு காகிதத்தால் அன்று பிழைத்தேன். மனசாட்சி உறுத்தத்தான் செய்தது. உறுத்தலோடு நன்றி சொன்னேன்.

“இன்னும் ஒன்றே ஒன்று, ஆன்ட்டி,” என்றாள். “எங்கள் ஆள் வீட்டுக்கு வந்து போட்டோ எடுப்பார். வாசலில் பெயர்ப்பலகை இருக்க வேண்டும். கன்னடம் பெரிதாக, ஆங்கிலம் சிறிதாக.”

5

எங்கள் வீட்டுக்காரர் ஜெயா மாமி மாடியில் இருக்கிறார். மேலுக்கோட்டைப் பூர்வீகம்; பல தலைமுறைகளாக இந்த மண்ணில் வாழும் தமிழ் வைணவக் குடும்பம். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன் வெளிநாட்டில். கீழ்வீட்டில் நாங்கள் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறோம். குடிவந்த அன்றே அந்த மூன்றாவது விதியை மாமி வாயாலும் சொல்லிவிட்டார்.

“போர்டு கீர்டு ஒண்ணும் கூடாது, கேட்டியா மைதிலி? கரண்ட் ஆபீஸ்காரன் பார்த்தான்னா மீட்டரைக் கடைன்னு எழுதிண்டு போயிடுவான். அப்பறம் வீடும் போச்சு, ரேட்டும் போச்சு. அதெல்லாம் பேடவே பேடா.” வேண்டவே வேண்டாம் என்பதை மாமி கன்னடத்தில்தான் சொல்வார்.

மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. மாமி மாதந்தோறும் ஒரு புதன்கிழமை விடிகாலையில் இரண்டு பெரிய பைகளோடு மேலுக்கோட்டைக்குக் கிளம்பி இருட்டுவதற்கு முன் திரும்புவார். அந்தப் புதன்கிழமை பதினொரு மணிக்கு வங்கியின் ஆள் வரும்படி ரித்திகாவிடம் கேட்டு ஏற்பாடு செய்தேன். பலகை ஒரு மணி நேரம் தொங்கினால் போதும். பத்தொன்பது ஆண்டுகளாகக் கால்புள்ளியைக்கூட இடம் தவறி வைக்காத பெண், ஐம்பத்திரண்டு வயதில் இப்படியொரு திட்டம் தீட்டினாள்.

தசரா நெருங்கிவிட்டதால் பலகை எழுதுபவர்கள் அனைவரும் ஊர் முழுவதையும் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். கெஞ்சி வாங்கினோம். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மேகனா காணொளியில் பார்த்துச் சொன்னாள்: “சூப்பர் மா! உன் பேரு கன்னடத்துல எவ்ளோ செனாகிதே, பாரு!” நன்றாக இருக்கிறதாம். பிறகு பலகையை இன்னும் கிட்டத்தில் காட்டச் சொல்லி மறுபடி படித்தாள். அம்மாவுக்குப் பெயர் உண்டு என்பது பிள்ளைகளுக்கும் எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது.

புதன்கிழமை மாமி கிளம்பிப் போய்விட்டார். பதினொரு மணிக்குச் சற்று முன்னால், வாசல் இரும்புக் கதவில் இரண்டு கொக்கிகளை மாட்டிப் பலகையைத் தொங்கவிட்டோம். புதுப்பலகையை வெறுமனே விட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் புதுச் செருப்பைத் தவிர எதையும் அப்படிப் பயன்படுத்தியதில்லை. நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம் வைத்தேன். முந்தின நாளே சந்தையில் வாங்கி வந்த சாமந்தி மாலையைப் போட்டேன். மாலை கொழுகொழுவென்று இருந்தது. நடுவில் சற்று இறங்கியது. இறங்கட்டும், அதுதான் அழகு என்றேன்.

என் கணவர் எட்ட நின்று பார்த்தார். “போட்டோவுக்கு மாலை போட்டாலே எனக்கு ஆகாது. நீ பேருக்கே போட்டிருக்கே.”

“நல்ல நாளும் அதுவுமா வாயைத் திறக்காதேங்கோ.”

சரியாகப் பன்னிரண்டே காலுக்கு ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் கைபேசி, முகத்தில் அன்றைக்கே இன்னும் ஒன்பது வீடு பார்க்க வேண்டியவரின் சோர்வு.

“ஸ்டாக் எல்லிதெ மேடம்?” சரக்கு எங்கே என்கிறார்.

என் மேஜையைக் காட்டினேன். அவர் மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்து எழுதிக்கொண்டே உரக்கச் சொன்னார்: மேஜை ஒன்று, கணினி ஒன்று, அகராதி ஒன்பது. “மிஷின்?” அச்சகம் என்று பதிவாகியிருந்ததல்லவா. இல்லை என்றேன். “மிஷின் நில்”, அதாவது இல்லை, என்று எழுதினார். “வேலையாட்கள்?” நில். “வாடிக்கையாளர் யாராவது இப்போது இருக்கிறார்களா?” என் கணவர் நாற்காலியிலிருந்து எழ முயன்றார், கண்ணால் உட்காரவைத்தேன். நில். என் வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக யாரும் தொகுத்ததில்லை. வெளியே போய் வாசலில் நின்று, பலகையோடு தன் முகமும் தெரியும்படி ஒரு படம் எடுத்தார். அது விதியாம். கிளம்பினார்.

ஒரு மணிக்குப் பலகை கட்டிலுக்கு அடியில். மாலை சுவாமி அறையில். மாலை ஐந்தரைக்கு மாமி வெறும் பைகளோடு படியேறினார். “என்ன, ஆத்து வாசல்ல ஒரே சாமந்தி இதழா இருக்கே?” என்று கேட்டுக்கொண்டே மேலே போய்விட்டார்.

6

வெள்ளிக்கிழமை ரித்திகா அழைத்தாள். விண்ணப்பம் திரும்பிவிட்டது. சொல்லத் தயங்கினாள்.

“ஆன்ட்டி, படத்தில் பலகை இருக்கிறது. பூ இருக்கிறது. எங்கள் ஆள் இருக்கிறார். பெயர் இல்லை.”

அந்தப் படத்தை அனுப்பினாள். மேல்வரியில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே முழுவதும் சாமந்தி. பத்தொன்பது ஆண்டு உழைத்து முதன்முறையாக ஒரு வாசலில் ஏறிய என் பெயரை, வேறு யாரும் மறைக்கவில்லை. நானே என் கையால், பக்தியோடு, முழம் கணக்கில் மறைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு வந்தது சிரிப்பு அல்ல.

மறுபடி ஆள் வருவார். ஆனால் இம்முறை நேரம் கேட்க முடியாது, கணினி தீர்மானிக்கும். அடுத்த மூன்று வேலை நாட்களில், பத்து மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே, ஏதோ ஒரு பொழுது. அதற்குள் மாதம் முடிந்துவிடும். மாமியோ வீட்டிலேயே இருப்பார்.

“விடு, வேற புஸ்தகம் வராதா?” என்றார் என் கணவர். அவர் சொன்னதில் தவறில்லை. பதினோரு ஆண்டு குடியிருந்த வீடு, நியாயமான வாடகை, குழாயில் இருவேளைத் தண்ணீர். ஒரு பக்கம் அந்த வீடு. மறுபக்கம் இரண்டரைப் பக்க வாய்க்கால். எந்தத் தராசிலும் வீடுதான் இறங்கும். ஆனால் அந்த மூன்று நாட்களை நான் கட்டிலுக்கு அடியில் கிடந்த பலகைக்கு மேலே படுத்து எப்படிக் கழிப்பேன் என்று யோசித்தேன்.

சனிக்கிழமை காலை, ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுவது என்று மாடியேறினேன். வழக்கமாக வாடகை கொடுக்கப் போனால் மாமி படிக்கட்டின் மேல்படியிலேயே வந்து வாங்கிக்கொள்வார். அன்று கதவு திறந்திருந்தது. கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டேன்.

கூடம் முழுவதும் புளியோதரைப் பொடி. தரையில் விரித்த வெள்ளை வேட்டிகளில் மலைமலையாக. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் என்று நான் நினைத்திருந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்து பொட்டலத்தில் நிரப்ப, மாமி தராசின் முன் கண்ணாடியோடு அமர்ந்திருந்தார். மூலையில் ஓட்டல்களில் இருப்பதுபோன்ற இரண்டு பெரிய மிக்ஸிகள். மேலுக்கோட்டைக்கு மாதந்தோறும் போன பைகள் சுவரோரம் வாயைத் திறந்து காத்திருந்தன.

பதினோரு ஆண்டுகளாக வாரத்தில் இரண்டு நாள் இந்த வாசனை கீழே இறங்கிவந்திருக்கிறது. மாமிக்குப் புளியோதரை மேல் இவ்வளவு பிரியமா என்று வியந்திருக்கிறேனே தவிர, ஒரே ஒரு மனுஷி இத்தனை புளியை எப்படிச் சாப்பிட முடியும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை. எதையும் பக்க எண்ணோடு குறித்துவைப்பவள் இதை மட்டும் விட்டுவிட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் குற்றவாளி என்பது தெளிவாக இல்லை.

“தரிசனமும் ஆயிடறது, டெலிவரியும் ஆயிடறது,” என்றார் மாமி கடைசியில், பைகளைக் காட்டி. “அங்க நாலு கடைக்குப் போறது. மிச்சத்தை இவா ரெண்டு பேரும் இங்க சந்தைக் கடைகளுக்கு எடுத்துண்டு போறா. பென்ஷன்ல காலம் தள்ளறேன்னு நெனச்சிண்டிருந்தியாக்கும்?”

“மாமி, நானும் ஒண்ணு சொல்லணும். புதன்கிழமை உங்க கேட்ல ஒரு போர்டு மாட்டினேன். ஒரு மணி நேரம்னு நெனச்சேன், ரெண்டு ஆயிடுத்து.”

“தெரியும். எதிராத்துப் பொண்ணு போட்டோ எடுத்து அனுப்பிச்சா. யாரோட போர்டுன்னுதான் தெரியல்லே. ஒரே பூவா இருந்தது.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன்: ஆறு தொகுதி, மாதக் கடைசி, என் தந்தையின் வாய்க்கால், வெல்லக்கடைக்கு மேலே இருக்கும் பழனிச்சாமி, மூன்றாவது விதி. மாமி பொட்டலம் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்து, சற்றுப் பொடியைத் திரும்ப எடுத்தார்.

“உன் போர்டு மேல எனக்கு என்னடீ விரோதம்? கரண்ட்காரன் உன் போர்டைப் பார்த்து வருவான். வந்தவன் மாடி ஏற மாட்டானா? இந்த ரெண்டு மிக்ஸியும் அவன் கண்ல படாதா? அதுக்காகத்தான் எல்லார்கிட்டயும் சிவப்பு மையில எழுதி வாங்கறேன்.”

“காசெல்லாம் எந்தக் கணக்குல வரது மாமி?”

மாமியின் கை நின்றது.

“பையன் கணக்குலதான். அவன் இங்க இருந்தப்போ ஆரம்பிச்சது. செலவுக்கு வேணும்னா அவனுக்குப் போன் பண்ணிக் கேக்கணும். ‘எதுக்கும்மா இவ்ளோ?’ம்பான். புளி வாங்கணும்டாம்பேன். என் புளிக்கு நானே அவன்கிட்ட கையேந்தறேன்.” பிறகு அந்த இரண்டு பெண்களும் கேட்டுவிட்டார்களே என்பதுபோலத் தலையை நிமிர்த்தி, “ஹும், போறது. உன்னோட அந்த வெல்லக்கடை மேல இருக்கறவர், பொம்மனாட்டிகளுக்கெல்லாம் கணக்கு எழுதுவாராமா?” என்றார்.

7

திங்கட்கிழமை நானும் மாமியும் தேவராஜ மொஹல்லாவுக்குப் போனோம். மாமி வெல்லக்கடைப் படியை என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். பழனிச்சாமி அவருடைய பில்களின் எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

“இது ஏவாரமுங்கம்மா! இவங்களது எட்டுங்க, உங்களது முன்னூறுக்கு மேல! ஏனுங்க, இத்தனை வருசமா மறைச்சே வெச்சிருந்தீங்க?”

“மறைக்கல்லே. யாரும் கேக்கல்லே.”

மின்சார அலுவலகத்தைப் பற்றிய பயத்தையும் அவரிடமே கொட்டினார். அவர் அதற்கு, “அவங்க வர்றதுக்கு முன்னால நாமளே போய்ட்டா பயமே இல்லீங்க. மாடிக்குத் தனி மீட்டரு எழுதிக் குடுத்துரலாம்” என்றார். இத்தனை ஆண்டுகளாக மாமியின் வீட்டை ஆண்ட அந்தப் பயம், ஒரு விண்ணப்பமும் இரண்டு புகைப்படமுமாகக் குறைந்தது. குறைந்ததில் மாமிக்குச் சற்று ஏமாற்றம்கூட இருந்ததாக எனக்குத் தோன்றியது.

அதற்கு முன்பே, அன்று காலை பத்து மணிக்கு முன்னால், மாமி சொன்னபடி பலகையை மாட்டி, என் கணவரைக் காவல் வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். சந்தனம், குங்குமம் மட்டும். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அதே சோர்ந்த மனிதர் வந்தார். பெயரை வாய்விட்டுப் படித்தார், படம் எடுத்தார், “ஹூ எல்லி?” என்று, பூ எங்கே எனக் கேட்டுச் சிரித்தார். மாதத்தின் கடைசி நாள் மாலை நான்கே முக்காலுக்குக் கணக்கு எண் வந்தது. நான்கு ஐம்பதுக்குப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். முதல் தொகுதி இப்போது மேஜையில் இருக்கிறது. நான்காவது வர ஓராண்டாகும். காத்திருப்பேன், நீர் இறங்கிப் போய்ச் சேர நேரம் வேண்டும்தானே.

காசோலைப் புத்தகம் வந்த செவ்வாய்க்கிழமை மாலை, பலகையைக் கழற்றி உள்ளே வைக்கலாமா என்று மாமியைக் கேட்டேன். “உன்னுது போட்டோவெல்லாம் ஆயிடுத்தோன்னோ? கழட்டிக்கோ. ஆனா கொக்கி ரெண்டும் அங்கேயே இருக்கட்டும்” என்றார்.

ஏன் என்று மறுநாள் தெரிந்தது. காலையில் மாமி செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். பிரித்தார். பச்சைப் பலகை, மஞ்சள் எழுத்து, மாமியின் புது வங்கி விண்ணப்பத்துக்காக. கதவில் மாட்டினோம். என் கணவர் ஒரு மாலையோடு ஓடிவந்தார், பாவம், இந்த முறையாவது நல்ல வார்த்தை சொல்லலாம் என்று. மாமி மாலையை வாங்கிக் கதவின் கீழ்க்கம்பியில் கட்டினார்.

பிறகு தெருவுக்கு இறங்கி, எதிர்வீட்டுச் சுவர்வரை பின்னால் நடந்து, அங்கிருந்து பார்த்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

“கீழ எங்காத்துக்காரர் பேரு போட வேண்டாமோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

“விண்ணப்பத்துல கேக்கல்லையே, மாமி.”

மாமி தலையசைத்தார். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முகவரி தேடி வந்தவர்போல, தன் பெயரை எழுத்தெழுத்தாக ஒருமுறை படித்தார்.

“பரவாயில்லே,” என்றார். “தூரத்துலேர்ந்தே தெரியறது.”